இரண்டு நாள் மிச்சம்

பட்டிண்டா சிறையில் பரோல் பிரிவு எழுத்தர் நான்.
'காரணம்' என்ற கட்டத்தில் என்ன போடலாம் என்று
வரிசையில் நிற்பவர்கள் சொல்லச் சொல்ல
பதினோரு வருடமாக எழுதிக்கொடுக்கிறேன்.

மகள் கல்யாணம். கூரை இடிந்துவிட்டது.
தாயின் சாம்பலைக் கீரத்பூரில் கரைக்க வேண்டும்.
மனைவியைப் பார்க்க வேண்டும் என்று
இதுவரை ஒருவனும் சொன்னதில்லை;
அதெல்லாம் காரணமாகாது என்று
உள்ளே யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

மேஜர் சிங் சொன்னது: கோதுமை.

அவன் எந்தப் பட்டாளத்திலும் இருந்ததில்லை.
பெயர்தான் மேஜர்.
வாய்க்கால் முறை யாருடையது என்ற தகராறில்
ராத்திரி இரண்டு மணிக்கு
பக்கத்து வயல்காரனை மண்வெட்டியால் அடித்தான்.
விடியும்வரை தண்ணீர்
இருவர் நிலத்திலும் பாய்ந்துகொண்டிருந்ததாகத்
தீர்ப்பில் ஒரு வரி இருக்கிறது.

இரண்டு முறை மறுத்தார்கள். மூன்றாம் முறை
விசாரிக்கப் போன காவலரிடம்
செத்தவனின் மனைவி சிந்தர் கௌர் சொன்னாள்:
"அறுக்கட்டும். என் வரப்பில் கால் படக் கூடாது."
அறிக்கையில் அது
'ஆட்சேபம் இல்லை' என்று சுருங்கி வந்தது.
மச்சான் தர்பாரா சிங் பிணை நின்றார்.
இருபத்தெட்டு நாள்.

எல்லாருக்கும் சொல்வதை அவனுக்கும் சொன்னேன்:
வெளியே இருக்கும் நாள் தண்டனையில் சேராது.
கடைசியில் கூட்டிக்கொள்வோம்.
"கடன் மாதிரியா?"
கடன்தான்.
"வட்டி இல்லையே?"
சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினேன்.

இருபத்தாறாம் நாள் மதியம்
வாசலிலிருந்து தொலைபேசி:
"உங்கள் மேஜர் வந்து நிற்கிறான்.
உள்ளே விடச் சொல்கிறான்."

தாமதமாக வந்தால் ஒரு படிவம்.
வராமலே போனால் மூன்று படிவம், ஒரு ஜீப்.
முன்னால் வந்துவிட்டவனுக்கு
கணினியில் பொத்தானே இல்லை.
தேதியை மாற்றினேன். கட்டம் சிவந்தது.
பிழை என்றது. மறுபடி மாற்றினேன். பிழை.

அறுப்பு முடிந்ததா?
"மெஷின் வந்தது. ஒரு பொழுதில் முடித்துவிட்டுப் போய்விட்டது."
உடம்புக்கு ஏதாவது?
"இல்லை."
சண்டையா?
"யாரும் சண்டை போடவில்லை மேடம்."
தலைப்பாகையின் நுனியைச் செருகிக்கொண்டான்.

பிறகு சொன்னான், என்னிடம் இல்லை,
மேசைமேல் சுற்றும் விசிறியிடம்:

"நான் உள்ளே வரும்போது வீர்பாலுக்கு ஏழு வயது.
இப்போது பதினாறு.
ரொட்டி வைப்பாள். மோர் வைப்பாள்.
இன்னொன்று வேண்டுமா என்று கேட்பாள், நிலத்தைப் பார்த்து.
ராத்திரி அவள் அறையில்
உள்ளிருந்து தாழ்ப்பாள் விழும்.

ஒன்பது வருடமாக என்னை வெளியிலிருந்து பூட்டுகிறார்கள்.
அந்தச் சத்தம் கேட்டால்தான் தூக்கமே வருகிறது.
இது சின்னத் தாழ்ப்பாள்.
என் விரல் நீளம்கூட இருக்காது.
இருபத்தைந்து ராத்திரி கேட்டேன்.

அந்த அறைக்கு ஜன்னல் இல்லை மேடம்.
இந்த வெயிலில்
மிச்ச இரண்டு ராத்திரியாவது
கதவைத் திறந்துபோட்டுத் தூங்கட்டும்."

விசிறி அந்தப்பக்கம் திரும்பி
இந்தப்பக்கம் வந்தது.

கணினியை விட்டுவிட்டு
பழைய பேரேட்டை எடுத்துக் கையால் எழுதினேன்:
சென்ற நாள், வந்த நாள்.
நடத்தை: திருப்தி.
பிணை விடுவிக்கப்படுகிறது.
உனக்குக் கடனில் இரண்டு நாள் குறைந்தது என்றேன்.
ஏதோ சில்லறை வாங்குகிறவன்போல்
தலையாட்டிவிட்டு உள்ளே போனான்.

அடுத்த பங்குனியில் அதே வரிசையில் நின்றான்.
காரணம்?
கோதுமை.
எத்தனை நாள்?
சுவர்க் காலண்டரை வெகுநேரம் பார்த்தான்.
பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"அதை மட்டும்
பென்சிலால் எழுதுங்கள் மேடம்."